1938 ஸ்வீடன் 2 குரோனர் ‘கப்பல்’ நாணயம் வாங்கலாமா? வெள்ளிதானா என்று எப்படிப் பார்ப்பது?

தாராளமாக வாங்கலாம், ஆனால் ‘அரிய நாணயம்’ என்று சொல்லிக் கேட்கும் விலைக்கு வேண்டாம். 5 லட்சத்துக்கும் சற்று அதிகமாக அச்சடித்தார்கள். ஸ்வீடன் மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் நினைவாக 1932-இல் வந்த 2 குரோனர் அதில் பாதிதான்.

1638-இல் ‘கல்மார் நிக்கெல்’ கப்பலில் போனவர்கள் இன்றைய டெலவேர் பகுதியில் ‘புதிய ஸ்வீடன்’ குடியேற்றத்தை அமைத்தார்கள். அதன் 300-ஆம் ஆண்டு நினைவு நாணயம் இது. ஒரு பக்கம் ஐந்தாம் குஸ்தாவ் மன்னர், மறுபக்கம் அந்தக் கப்பல். அதே கப்பல் அமெரிக்காவின் டெலவேர் அரை டாலரிலும் உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எடை 15 கிராம், விட்டம் 31 மி.மீ., வெள்ளி 80 சதவீதம். அதாவது 12 கிராம் சுத்த வெள்ளி. வாங்கும் நாளின் வெள்ளி விலையில் அதைக் கணக்குப் போட்டுக்கொண்டு பேரம் பேசுங்கள்.

காந்தம் ஒட்டவில்லை என்பது போதாது, பித்தளையும் ஒட்டாது. 0.01 கிராம் காட்டும் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுசாக மூழ்கவிடுங்கள். 1.48 கிராம் அளவில் காட்டினால் சரி. 1.7-ஐ நெருங்கினால் வெள்ளி முலாம் பூசிய வேறு உலோகம் என்று சந்தேகப்படலாம். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும் அளவு கூடும். நூலை லேசாக ஆட்டிக் குமிழியை விரட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

விலையைத் தீர்மானிப்பது நிலைதான். மன்னரின் காதுக்கு மேல் உள்ள முடியும் கப்பல் பாய்களின் புடைப்பும் முதலில் தேயும். விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்: பற்றவைத்த தடமோ அராவிய இடமோ இருந்தால் முன்பு பதக்கமாக மாட்டியிருந்தது, வெள்ளி விலைக்கு மேல் தராதீர்கள். ஸ்வீடன் விற்பனையாளர்களின் தரக்குறியில் 0 என்பதுதான் புழங்காத, மிக உயர்ந்த நிலை. அடுத்து 01, 1+, 1 என்று இறங்கும்.

கறுத்திருந்தால் அப்படியே விடுங்கள். பேக்கிங் சோடா, விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம். தேய்த்த மெல்லிய கீறல்கள் ஒற்றை பல்பின் கீழ் சாய்த்தால் பளிச்செனத் தெரியும், விலை அங்கேயே விழும். பிவிசி என்ற பிளாஸ்டிக் உறையிலிருந்து வந்த பச்சைப் பிசுக்கு மட்டும் விதிவிலக்கு: சுத்த அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்து உலரவிடுங்கள். பிறகு பிவிசி இல்லாத மைலார் (பாலியெஸ்டர்) உறையில் போடுங்கள்.