மீன் கூடையும் சீருடையும்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. வீட்டில் ஓயாமல் பேசுவான். பள்ளியில் யாரோடும் ஒட்டமாட்டான். 'சோஷியலா இருக்கச் சொல்லிக்கொடுங்க' என்கிறார் டீச்சர். அப்படியென்றால் என்ன என்று அவன் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கணவர் விசைப்படகில் போகிறார். மாமியார் மீன் விற்கிறார். அவர் வரும் நேரம் மகன் சீருடையில் இருப்பதால், அவர் குளிக்கும்வரை கிட்டே போகாதே என்று பழக்கியிருக்கிறேன். எந்தக் குறையும் வைக்கவில்லை. அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: வயது ஏறினால் சரியாகிவிடும் என்று நான் எழுதப்போவதில்லை. மாமியாரைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப்போகிறீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. ஏலத்தில் மீன் எடுத்து, வெயிலில் தெருத்தெருவாக விற்று, கால் கடுக்க வாசலுக்கு வருகிறார். பேரன் பின்னால் நகர்கிறான். நகரச் சொன்னது நீங்கள். சீருடையில் ஒட்டிய வாடை துவைத்தால் போகும். ஆளைக் கண்டதும் விலகுகிற பழக்கம் எதில் போகும்? அந்த ஊர்ப் பள்ளியில் எத்தனை பிள்ளைகளின் வீட்டில் இதே வாடை! அவன் யாரோடுதான் ஒட்டுவான்? அந்தக் கூடைக் காசில் அவனுக்கு ஒரு பென்சில்கூட வாங்கியதில்லையா?

சரி, அவன் கேட்டதற்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, அப்பா கரையில்தான் இருப்பார். கோடை லீவும் சேர்ந்து வரும். தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுக்கிற நாளாகப் பார்த்து அவரே கூட்டிப்போகட்டும். கடலில் வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டு, இரண்டு கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டம் தள்ளித்தள்ளி நின்று இழுக்கும். வலை கிட்டே வர வர இரு கூட்டமும் நடந்து நெருங்கும். ஒரு பக்கம் அவசரப்பட்டால் வலை கோணிவிடும். முன்னால் நிற்பவர் எப்போது இழுக்கிறார் என்று பார்த்துத்தான் இவனும் இழுக்க வேண்டும். மீன் சேர்ந்த வலைப்பை, அதாவது மடி, கரையேறியதும் பங்கு பிரிப்பார்கள். கயிறு பிடித்த சிறுவன் கையிலும் நாலு சூடை மீனோ காரல் மீனோ விழும்.

வாயாடினால்தான் சோஷியல் என்று யார் சொன்னது? பக்கத்தில் இருப்பவரைக் கவனிப்பது, தன் முறை வரும்வரை பொறுப்பது, கேட்டு வாங்குவது, கிடைத்ததில் பிறருக்கும் கொடுப்பது, பிடிக்காததைச் சண்டை போடாமல் சொல்வது. 8 வயதுக்கு இவ்வளவு போதும்.

ஆனால் கோடை வரைக்கும் காத்திருக்காதீர்கள். நாளைக்கே மாமியார் வரும்போது கூடையை இறக்க அவனை அனுப்புங்கள். சட்டையை மாற்றிவிட்டு அனுப்பினாலும் சரி. 'அப்பத்தா, இன்னைக்கு என்ன மீன் வித்தீங்க?' என்று கேட்கட்டும். நீங்களும் கூட நில்லுங்கள், முகத்தைச் சுளிக்காமல்.