மீட்சி எந்த நாளில் தொடங்குகிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஒரு பள்ளி ஆசிரியை. வயது 52. மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை, கீமோ, பிறகு கரண்ட் வைத்தது (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து, இப்போது நோய் திரும்பாமலிருக்கத் தினம் ஒரு டமாக்சிஃபென் மாத்திரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சென்ற ஜூன் மாதம் நான் சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் புற்றுநோயை வென்றவர்களுக்கென்று ஒரு விழா நடத்தினார்கள். ஐந்தாண்டு நிறைந்தவர்களை மட்டும் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு பெண்மணி, "நோய் தெரிந்த நாளிலிருந்தே கணக்கு வைக்க வேண்டும், அமெரிக்காவில் அப்படித்தான்" என்றார். என் கணவரோ, ஐந்து வருடம் முடியும்வரை என் தங்கை உட்பட உறவில் யாரிடமும் வாய் திறக்க வேண்டாம் என்கிறார். மருத்துவரைக் கேட்டால், "நன்றாகத்தானே இருக்கிறீர்கள்" என்று சொல்லி அடுத்தவரை அழைக்கிறார். நான் இன்னும் நோயாளியா, மீண்டவளா?

பெயர் வெளியிட வேண்டாம்,
கும்பகோணம்

அன்புள்ள அம்மையாருக்கு,

உங்கள் அருகில் அமர்ந்திருந்த பெண்மணி சொன்னது சரி. நானும் அவர் பக்கம்தான். ஆனால் அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று தெரிந்தால்தான், உங்களை மேடைக்கு அழைக்காத கணக்கு எங்கே பிசகுகிறது என்பதும் விளங்கும்.

ஃபிட்ஸ்ஹ்யூ மல்லன் அமெரிக்க மருத்துவர். 32 வயதில் அவருடைய நெஞ்சுக்குள் புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரியவந்தது. சிகிச்சையின் கடுமையையெல்லாம் கடந்து பிழைத்த அவர், 1985இல் ஒரு மருத்துவ இதழில் தம் அனுபவத்தைக் கட்டுரையாக எழுதினார். குணமானவர், குணமாகாதவர் என்று மருத்துவம் இரண்டாகப் பிரித்து வைத்திருப்பது நோயாளி வாழும் வாழ்க்கையோடு பொருந்தவில்லை என்பது அவர் வாதம். நோய் கண்டறியப்பட்டுச் சிகிச்சை நடக்கும் காலம், சிகிச்சை முடிந்தபின் 'திரும்ப வந்துவிடுமோ' என்ற அச்சத்தோடு கழியும் காலம், அந்த அச்சம் பெரிதும் தணிந்து நிலைபெறும் காலம் என்று மூன்று பருவங்களை அவர் சொன்னார். மூன்றையுமே பிழைத்திருத்தலின் பருவங்களாகத்தான் அவர் எண்ணினார். முதலாவதை வெறும் நோய்க்காலம் என்று ஒதுக்கவில்லை. மறு ஆண்டே, 1986இல், நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ஆல்புகெர்க்கி நகரில் அவரும் வேறு சிலரும் கூடிப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்காக ஒரு தேசியக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். நோய் கண்டறியப்பட்ட கணத்திலிருந்து வாழ்நாள் முழுவதும் ஒருவர் மீண்டவரே என்ற வரையறை அங்கே பிறந்தது. 1996இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் மீண்டவர்களுக்கென்றே ஓர் அலுவலகம் திறந்தபோது, ஏறக்குறைய அதே வரையறையை ஏற்றுக்கொண்டது.

இதை ஆறுதல் வார்த்தை என்று சிலர் ஒதுக்குவதைக் கேட்டிருக்கிறேன். நான் அப்படி நினைக்கவில்லை, ஏனென்றால் பின்னாளைய வாழ்க்கையைத் தீர்மானிக்கும் முடிவுகளில் பல முதல் கீமோவுக்கு முன்பே எடுக்கப்பட வேண்டியவை. குழந்தை பெற விரும்பும் இளைஞரின் விந்தணுவையோ இளம்பெண்ணின் கருமுட்டையையோ உறையவைத்துச் சேமிப்பதென்றால் அப்போதுதான் சேமிக்க வேண்டும். சிகிச்சை முடிந்த பிறகே பின்னாளைப் பற்றிப் பேசுவோம் என்று இருந்தால், கேட்க வேண்டிய கேள்வியின் காலம் கடந்துபோயிருக்கும்.

இனி அந்த ஐந்தாண்டுக் கணக்கு. புற்றுநோய்ப் புள்ளிவிவரங்களில் ஐந்தாண்டு பிழைப்பு விகிதம் என்று ஒன்று உண்டு. அங்கிருந்துதான் இந்த எண் விழா மேடைகளுக்கு வந்திருக்க வேண்டும். அந்த விகிதமே நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. ஐந்தாம் ஆண்டு இறுதியில் உயிரோடிருப்பவர் எத்தனை பேர் என்பதையே அது சொல்கிறது. அவர்கள் உடலில் நோய் இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்வதில்லை. சிகிச்சைகளை ஒப்பிடுவதற்கு அது நல்ல அளவுகோல், ஆனால் தனி ஒருவரின் வாழ்க்கையில் எல்லைக்கல்லாக நடுவதற்கு ஏற்றதன்று. ஆண்களின் விந்தகப் (விரை) புற்றுநோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள, அதாவது அந்தப் பெண் ஹார்மோனைக் கொண்டு வளரும், மார்பகப் புற்றுநோயோ ஐந்தாண்டுக்குப் பிறகும், சிலருக்கு இருபதாண்டு கழித்தும்கூடத் திரும்புவதுண்டு. இவ்விரண்டுக்கும் ஒரே ஐந்தாண்டை எல்லையாக வைப்பதில் மருத்துவப் பொருள் ஏதுமில்லை.

சிகிச்சை முடிந்த நாளிலிருந்து எண்ணுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதற்கான காரணமும் இருக்கிறது. 2005இல் அமெரிக்காவின் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்' என்ற அமைப்பு வெளியிட்ட அறிக்கை, யாரும் கவனிக்காமல் விட்ட காலம் அதுவே என்பதால், சிகிச்சைக்குப் பிந்தைய காலத்தையே முதன்மையாக எடுத்துப் பேசியது. பிரான்ஸில் 2022இல் வந்த சட்டப்படி, சிகிச்சை முடிந்து ஐந்தாண்டு நோய் திரும்பாதிருந்தால், வீட்டுக்கடனுக்கான காப்பீட்டில் பழைய புற்றுநோயை ஒருவர் தெரிவிக்கத் தேவையில்லை. கடனுக்கு ஒரு தேதி வேண்டியிருக்கிறது, சட்டம் அதைக் கொடுக்கிறது. நல்ல சட்டம், இங்கும் வர வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் கடனுக்காக வகுத்த தேதியைக் கொண்டு மனிதர்களை மேடைக்கு உரியவர், உரியவர் அல்லாதவர் என்று பிரிப்பது எனக்கு ஒப்பவில்லை. நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கு இமாடினிப் மாத்திரை 2001இல் வந்தது முதல், ஆண்டுக்கணக்கில் அதை விழுங்கிக்கொண்டே வேலைக்குப் போய், பிள்ளைகளை வளர்த்து வாழ்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்குச் சிகிச்சை முடிவதே இல்லை. நோய் எலும்புக்கோ கல்லீரலுக்கோ பரவியபின் மருந்தோடு வாழ்பவர்களும் அப்படியே. இவர்களுக்கு மீட்சி தொடங்கவே இல்லை என்று சொல்லும் கணக்கு எனக்கு வேண்டாம். அவர்களில் சிலர் மீண்டவர் என்ற பெயரையே மறுக்கிறார்கள். அது அவர்கள் உரிமை, நாம் வற்புறுத்தக் கூடாது.

உங்கள் நிலைக்கு வருகிறேன். டமாக்சிஃபென் எடுக்கும் வரை நீங்கள் சிகிச்சையிலும் இருக்கிறீர்கள், மீட்சியிலும் இருக்கிறீர்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. "நன்றாகத்தானே இருக்கிறீர்கள்" என்பதோடு எழுந்து வந்துவிடாதீர்கள்; சிகிச்சைச் சுருக்கம் ஒன்றை எழுத்தில் கேளுங்கள். நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்று சொல்லும் டாக்ஸோரூபிசின் உங்களுக்கு ஏற்றப்பட்டிருந்தால், அதன் மொத்த அளவு உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அதில் இருக்க வேண்டும். அம்மருந்து பல ஆண்டுகள் கழித்தும் இதயத்தைத் தளர்த்தக்கூடும். வாழ்நாள் முழுமைக்கும் சேர்த்து அதற்கு ஓர் உச்ச அளவும் உண்டு. கரண்ட் வைத்தது இடப்பக்கமா வலப்பக்கமா, எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), எத்தனை தவணை என்பதும் வேண்டும். நாளை வேறு ஊரில் வேறொரு மருத்துவர் உங்களைப் பார்க்கும்போது, தடித்த ஃபைலைவிட இந்த ஒரு தாள் அதிகம் பயன்படும். மாத்திரையை ஐந்தாண்டோடு நிறுத்துவதா, பத்தாண்டு வரை தொடர்வதா என்பதையும் இப்போதே பேசிவையுங்கள். மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு தென்பட்டால் ஒரு நாளும் தாமதிக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் இம்மாத்திரை கருப்பையின் உட்சுவரைப் பாதிக்கக்கூடும்.

உங்கள் கணவரின் அச்சம் எனக்குப் புரிகிறது. நம் வீடுகளில் இந்த நோயின் பெயரையே சொல்லாமல் 'கட்டி' என்று சொல்லிக் கடந்துபோகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம். ஆனால் தங்கையிடம் மட்டும் இன்னும் இரண்டாண்டு மறைக்காதீர்கள். அவர் தம் மார்பகப் பரிசோதனையை எப்போது தொடங்குவது, மரபணுச் சோதனை தேவையா என்று தீர்மானிக்க, அக்காவுக்கு இந்த நோய் வந்ததா, எந்த வயதில் வந்தது என்று அவருடைய மருத்துவர் கேட்பார். அங்கும் கேட்கப்படுவது நோய் கண்டறியப்பட்டபோது உங்களுக்கு இருந்த வயதுதான்.