குதிரைக்கு வைத்த விஷம்

கேள்வி: நியூயார்க்கில் யூதர்கள் குடியேறிய பகுதியிலும் ரவுடி கும்பல்கள் இருந்தனவாமே?

பதில்: இருந்தன. லோயர் ஈஸ்ட் சைடில் சோடா, ஐஸ்கிரீம் விற்பவர்களிடம் மாமூல் கேட்பார்கள். கொடுக்காவிட்டால் வண்டிக் குதிரைக்கு விஷம். குதிரை செத்தால் அந்தக் குடும்பத்தின் பிழைப்பே போச்சு. பாதிக்கப்பட்டவர்களும் யூதர்கள்தான் என்பதை மறக்கக் கூடாது.

1908-இல் போலீஸ் கமிஷனர் பிங்காம், நகரக் குற்றவாளிகளில் பாதிப்பேர் யூதர்கள் என்று எழுதினார். எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கினார். அந்தக் கொந்தளிப்பில்தான் 1909-இல் ஜூடா மேக்னஸ் என்ற யூத மதகுருவின் தலைமையில் 'கெஹிலா' என்ற யூதர்களின் சமூக அமைப்பு பிறந்தது.

1912 ஜூலையில் சூதாட்ட விடுதிக்காரர் ஹெர்மன் ரோசன்தால் ஒரு ஓட்டல் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். போலீசுக்குத் தரும் பங்கைப் பற்றி வாய் திறந்ததுதான் காரணம். அந்த வழக்கில் பெக்கர் என்ற போலீஸ் லெப்டினன்ட்டுக்கே மரண தண்டனை! போலீஸை இனி எப்படி நம்புவது? அந்தக் கொலை நடந்த கையோடு கெஹிலா தானே துப்பறியத் தொடங்கியது.

அந்த வேலைக்கு வந்த ஏப் ஷோன்ஃபீல்டை எனக்கு மிகவும் பிடிக்கும். அதே தெருக்களில் வளர்ந்த இளைஞர். எந்தக் கடையில் சூதாட்டம், எந்த வீட்டில் விபச்சாரம் என்று முகவரியோடு எழுதிக் கொடுத்தார். ஆனாலும் பிக் ஜாக் ஸெலிக் என்ற தாதா சுடப்பட்டு இறந்தபோது, அவன் ஏரியாவுக்குச் செய்த நல்லதையும் தன் அறிக்கையில் மனசாரப் பதிவு செய்தார்.