கொறங்காட்டை உழுதுவிட்டுப் பரண் ஆடு வளர்க்கலாமா?

கேள்வி: ஐயா, வெள்ளக்கோவில் பக்கம் எனக்கு ஐந்து ஏக்கர் கொறங்காடும் (வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம்) இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசன நிலமும் இருக்கின்றன. பன்னிரண்டு செம்மறி, இரண்டு காங்கேயம் மாடு வைத்திருக்கிறேன். கொறங்காட்டை உழுது மக்காச்சோளம் விதைத்து, தரைக்கு மேலே உயர்த்திக் கட்டும் பரண் கொட்டகை போட்டு நூறு வெள்ளாடு வளர்க்கலாம் என்று யோசனை. கல்லூரியில் படிக்கும் மகளோ, மனுசன் தின்ன வேண்டிய தானியத்தை ஆடுமாடு தின்பதால்தான் உலகத்தில் பசி, எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள் என்கிறாள். எது சரி?

பதில்: உங்கள் மகள் சொல்வதில் பாதி உண்மை. உலகில் விளையும் தானியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தீவனமாகத்தான் போகிறது. ஆனால் கால்நடைகள் தின்பதை மொத்தமாகக் கணக்கெடுத்தால், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஆய்வாளர்கள் 2017இல் சொன்னபடி, 86 சதவீதம் மனிதர் சாப்பிடாத பொருள்: புல், தட்டு, வைக்கோல், புண்ணாக்கு இப்படி. அதனால் கால்நடை பசியைத் தீர்க்குமா, கூட்டுமா என்பது உங்கள் ஆட்டின் வாய்க்குள் என்ன போகிறது என்பதைப் பொறுத்தது.

உங்கள் கொறங்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல் மரம், கீழே கொழுக்கட்டைப் புல். மழை குறைந்த, மண் ஆழமில்லாத அந்த நிலத்தில் நெல்லோ காய்கறியோ வராது. மழை ஏமாற்றினாலும் புல்லின் வேர் உயிரோடு கிடந்து அடுத்த மழைக்குத் துளிர்க்கும். கோடையில் வெள்வேல் காய் உதிர்ந்து செம்மறிக்கு ஆகும். மனிதன் தொட முடியாத புல்லைப் பாலும் கறியும் எருவுமாக மாற்றித் தரும் இந்த ஏற்பாட்டை நம் முன்னோர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். அதை ஒருமுறை உழுது கெடுத்தால் பழையபடி புல் பிடிக்க வருடக்கணக்கில் ஆகும். தயவுசெய்து உழாதீர்கள்.

இப்போது நூறு ஆட்டுக் கணக்குக்கு வருவோம். வளர்ந்த ஆடு ஒன்றுக்கு நாளுக்கு நாலு கிலோ பசுந்தீவனம் என்றால் நூறு ஆட்டுக்கு 400 கிலோ. வருடத்துக்கு 146 டன். நல்ல பாசனத்தில் கோ-5 கம்பு நேப்பியர் தீவனப் புல்லே ஏக்கருக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் தரும். உங்கள் கிணற்று நிலத்தில் சரிபாதி புல்லுக்கே போய்விடும். சித்திரையில் தண்ணீர் இறங்கினால் அதுவும் நிச்சயமில்லை. தானியமும் புண்ணாக்கும் கலந்த அடர்தீவனம் ஆட்டுக்கு 200 கிராம் வைத்தாலும் நாளுக்கு 20 கிலோ. அதில் நாற்பது சதவீதம் மக்காச்சோளம் என்றால் வருடத்துக்கு மூன்று டன் வேண்டும். மழை பொய்த்த வருடம் மூட்டை வாங்கித்தான் போட வேண்டும். மகள் பயப்படுவது இந்த வகை வளர்ப்பைப் பார்த்துத்தான். அவள் பயம் நியாயமானது.

அதற்காகத் தானியம் தின்னும் கால்நடை எல்லாமே தப்பு என்றும் சொல்ல மாட்டேன். நாமக்கல் பண்ணைகளின் முட்டைக்கோழி நாளுக்கு நூறு கிராமுக்கு மேல் தீவனம் எடுக்கிறது, அதில் பெரும்பங்கு மக்காச்சோளமும் சோயாவும்தான். ஆனாலும் சத்துணவில் ஏழைக் குழந்தைக்குக் கிடைக்கும் முட்டைக்கு ஈடாக அரிசியைக் காட்ட முடியாது. பி12 சத்து செடிகொடிகளில் இல்லை. பால், முட்டை, கறியில்தான் இருக்கிறது. வசதியுள்ளவர் தட்டில் மூன்று வேளையும் கறி குவிவதும், சத்தில்லாத குழந்தைக்கு ஒரு முட்டை கிடைப்பதும் ஒன்றாகாது.

ஆடுமாடு ஏப்பத்தில் வெளிவிடும் மீத்தேன் வாயுவைப் பற்றியும் மகள் கேட்பாள். மனிதரால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடைத் துறையால் வருகிறது என்று அதே அமைப்பு 2013இல் சொன்னது. அதை மறுக்க வேண்டாம். அரைவயிற்றுக்குத் தின்னும் பத்து உருப்படியைவிட, நன்றாகத் தின்னும் நாலு உருப்படி மேல் என்பதே நாம் செய்யக்கூடியது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. கொறங்காட்டை நாலு பங்காகத் தடுத்து மாற்றி மாற்றி மேயவிடுங்கள். மழைக்குப் பின் புல் விதை உதிரும்வரை ஒரு பங்கையாவது மூடி வையுங்கள். செம்மறியைப் பதினைந்துக்கு மேல் கூட்ட வேண்டாம். கிணற்று நிலத்தில் இருபது சென்ட் கோ-5, வாய்க்கால் ஓரம் அகத்தி, வேலிமசால் என்ற தீவனச் செடி போதும். மீதியில் சோளமும் கடலையும் போடுங்கள்: தானியமும் பருப்பும் வீட்டுக்கு, தட்டும் கொடியும் மாட்டுக்கு. காங்கேயம் எண்ணெய் ஆலைகளில் தேங்காய்ப் புண்ணாக்கு கிடைக்கும். மக்காச்சோளத்தைக் குறைத்துக்கொள்ள அது உதவும். இரவில் பட்டியைக் கிணற்று நிலத்துக்கே மாற்றி மாற்றிப் போட்டால் உரச் செலவும் இறங்கும்.

மழைக்காலத்துக்கு முன் ஆடுகளைத் திடீரெனச் சாகடிக்கும் துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசியை மறக்காதீர்கள். சோளம் அறுத்த காட்டில் வறட்சியில் துளிர்க்கும் மறுதாம்பை மட்டும் மேய விடவே கூடாது. அந்த இளந்துளிரில் உள்ள நஞ்சு சற்று நேரத்திலேயே ஆட்டையோ மாட்டையோ சாய்த்துவிடும்.