‘பார்ட்னர்’ என்றால் யார்? வேலை, கூலி, உரிமை: வாசகர் கேள்வி பதில்

சமூகக் கொள்கைத் துறைப் பேராசிரியர் பதிலளிக்கிறார்

கேள்வி: எனக்கு மாதச் சம்பளம் 18,000 ரூபாய். சம்பளச் சீட்டில் பேசிக் 7,000, வீட்டு வாடகைப்படி 7,000, பயணப்படி 4,000 என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். மொத்தம் சரியாகத்தான் வருகிறது. பிறகு எதற்கு இந்தப் பிரிவினை? (வாசகர், ஓசூர்)

இந்த மாதம் கைக்கு வருவதை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வயதான பிறகு வர வேண்டிய பணத்தில்தான் தெரியும். பி.எஃப்., பணிக்கொடை (கிராஜுவிட்டி), ஓய்வூதியம் மூன்றும் உங்கள் 18,000-ஐக் கணக்கில் எடுப்பதில்லை. ‘ஊதியம்’ என்று எழுதப்பட்டதை மட்டுமே எடுக்கின்றன. ‘படி’ என்று பெயர் மாறியதும் அந்தப் பணம் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது.

உங்கள் சீட்டையே வைத்துப் பார்ப்போம். 7,000-க்கு 12 சதவீதம் 840 ரூபாய். அது உங்கள் பங்கு. நிறுவனமும் 840 போடும். அதில், ஊதியத்தின் 8.33 சதவீதமான 583 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். மிச்சம் 257 ரூபாய் உங்கள் பி.எஃப். கணக்கில் சேரும். பத்து வருடம் கழித்து வேலையை விட்டால் பணிக்கொடை 7,000 × 15 ÷ 26 × 10, கிட்டத்தட்ட 40,385 ரூபாய். இருபது வருடப் பணிக்கு ஓய்வூதியம், சலுகையாகச் சேரும் இரண்டு வருடத்தையும் கூட்டி, 7,000 × 22 ÷ 70, அதாவது மாதம் 2,200 ரூபாய். பேசிக்கைக் குறைத்து எழுதியவர் உங்கள் முதுமைக்கான பணத்தில் கை வைத்திருக்கிறார். எனக்கு இதில் வேறு கருத்து இல்லை.

இதைத் தடுக்க இரண்டு பிடிகள் இருக்கின்றன. எல்லா ஊழியருக்கும் பொதுவாகக் கொடுக்கும் ‘ஸ்பெஷல் அலவன்ஸ்’ போன்ற படிகளும் பி.எஃப். கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஆனால் வீட்டு வாடகைப்படி அதில் சேராது. உங்கள் நிறுவனம் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்த காரணம் இப்போது புரிந்திருக்கும். இரண்டாவது பிடி, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள். வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்ற விலக்கு பெற்ற படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியமாகவே கருதப்படும். உங்களுக்குப் படிகள் 11,000. பாதி 9,000. தாண்டியது 2,000. எனவே ஊதியம் 9,000 ஆகிறது. பி.எஃப். பிடித்தம் 840-லிருந்து 1,080 ஆகும், கையில் வருவது மாதம் 240 ரூபாய் குறையும். அதைக் காட்டி, “சட்டத்தால் உங்களுக்குத்தான் நட்டம்” என்று அலுவலகத்தில் சொல்வார்கள். நம்பாதீர்கள். நிறுவனமும் அதே 240-ஐக் கூடுதலாகப் போட்டாக வேண்டும். பத்து வருடப் பணிக்கொடையும் 51,923 ஆக உயரும்.

இன்னொன்றையும் உடனே பாருங்கள். சீட்டில் பிடித்தம் இருப்பதால் மட்டும் பணம் கட்டிவிட்டார்கள் என்று ஆகாது. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்ணான யூஏஎன்-இல் பதிவான செல்போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகை குறுஞ்செய்தியில் வரும். மூன்று மாதச் சீட்டையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பணம் எடுக்கும்போது பெரும்பாலும் இடிப்பது வேறு இடம்: ஆதாரில் உள்ள பெயரும் பி.எஃப். பதிவில் உள்ள பெயரும் இனிஷியலில் வேறுபடும், பிறந்த தேதி மாறியிருக்கும், பழைய கம்பெனி வேலையை விட்ட தேதியைப் பதிந்திருக்காது. கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் ஆன பிறகு விலகிய தேதியை நீங்களே இணையத்தில் பதியலாம். பெயரை வேலையில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள். விட்டு வந்த பிறகு அந்த அலுவலக வாசலில் காத்திருப்பது கொடுமை.

கேள்வி: ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறேன். காலை 9.30 முதல் இரவு 9.30 வரை. உட்காரச் சட்டம் வந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் கடையில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் திட்டுகிறார். (வாசகி, சென்னை)

சட்டம் வந்துவிட்டது, அம்மா. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இல் 2021-ஆம் ஆண்டு 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை தர வேண்டும், வேலை நேரம் முழுக்க நிற்க வைக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் பி. விஜி தலைமையில் ‘பெண்கூட்டு’ என்று திரண்டு போராடியதன் பலன் அது. அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. உட்காரும் உரிமை அதன் பிறகு வந்த கோரிக்கை.

சட்டம் எங்கே தடுக்கி விழுகிறது என்றால், ‘தகுந்த இருக்கை’ என்ற சொல்லில். எத்தனை பேருக்கு எத்தனை, எந்த உயரம் என்று அதில் இல்லை. நாலு பிளாஸ்டிக் ஸ்டூலைக் குடோனில் போட்டுவிட்டு “இருக்கை இருக்கிறதே” என்பார்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் கை எட்டும் தூரத்தில் இருந்தால்தான் இரண்டு வாடிக்கையாளருக்கு நடுவில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் உட்கார முடியும். ஸ்டூல் குட்டையாக இருந்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தலை தெரியாது, ‘செக்‌ஷனில் ஆளே இல்லை’ என்று திட்டு விழும். ஆகவே கேட்கும்போது “கவுன்ட்டர் உயரத்துக்கு ஏற்ற ஸ்டூல், நிற்கும் இடத்திலேயே” என்று கேளுங்கள். விற்பவர் உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்ற பேச்சும் இடையில் வந்ததுதான். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் இருவரும் சரிசமமாக உட்கார்ந்து பட்டுப்புடவை பார்ப்பது நம் ஊர் வழக்கம். இன்றும் அப்படி விற்கும் கடைகள் இருக்கின்றன.

உங்கள் வேலை நேரமே சட்டத்துக்குப் புறம்பானது. அதே சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் 10 மணி நேரத்தையும் வாரம் 54-ஐயும் தாண்டக் கூடாது. நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர இடைவேளை தர வேண்டும். உங்கள் 12-இல் சாப்பாட்டு நேரம் ஒன்றைக் கழித்தாலும் 11 நிற்கிறது. தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் புகார் தரலாம். தனியாகப் போக வேண்டாம், ஏழெட்டுப் பேர் கையெழுத்தோடு போங்கள். பஞ்ச் செய்யும் நேரத்தை ஒரு வாரமாவது நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பதிவேட்டில் 8 மணி நேரம் என்றுதான் எழுதியிருப்பார்கள். உங்கள் நோட்டு மட்டுமே அதற்கு எதிர்ச் சாட்சி.

கேள்வி: உணவு டெலிவரி செய்கிறேன். என்னைத் ‘தொழிலாளி’ என்று சொல்ல மாட்டார்களாம், ‘பார்ட்னர்’ என்கிறார்கள். கேட்க மரியாதையாகத்தானே இருக்கிறது? (வாசகர், சென்னை)

தம்பி, பார்ட்னர் என்றால் கூட்டாளி. கூட்டாளிக்கு லாபத்தில் பங்கு உண்டு, கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை உண்டு, விலை வைப்பதில் சொல் உண்டு. ஒரு டெலிவரிக்கு எவ்வளவு என்பதை உங்களைக் கேட்டா வைத்தார்கள்? உங்கள் ஐடியை முடக்கும் முன் கூட்டாளிகள் கூடிப் பேசினார்களா? அந்தப் பெயரால் அவர்களுக்கு நடந்த காரியம் ஒன்று உண்டு. பி.எஃப்., இ.எஸ்.ஐ., பணிக்கொடை, ஓவர்டைம், குறைந்தபட்சக் கூலி அத்தனையும் ஒரே சொல்லில் போய்விட்டன.

இந்தத் தொழிலில் முதல் போட்டவரும் நீங்கள்தான். பைக், ஃபோன், டேட்டா, பெட்ரோல் எல்லாம் உங்களுடையவை. ஒரு நாள் 110 கிலோமீட்டர் ஓடி, வண்டி 45 கிலோமீட்டர் மைலேஜ் கொடுத்தால் ஏறக்குறைய இரண்டரை லிட்டர், கிட்டத்தட்ட 250 ரூபாய். ஆயில், செயின், டயர், பிரேக் ஷூ எல்லாவற்றையும் வருடக் கணக்கில் கூட்டி நாளுக்கு வகுங்கள். வண்டித் தவணையையும் சேருங்கள். வந்த தொகையிலிருந்து இதைக் கழித்து, ஆப் திறந்து வைத்திருந்த மொத்த நேரத்தால் வகுத்தால் வருவதுதான் உங்கள் உண்மையான மணிக்கூலி. ஓட்டிய நேரத்தை மட்டும் வைத்து வகுக்காதீர்கள். ஹோட்டல் வாசலில் பார்சலுக்காக நின்ற இருபது நிமிடமும் உங்கள் ஆயுளில் கழிந்த நேரம். ஆலைக்குள் மெஷின் நின்றால் அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. உங்கள் தொழிலில் அந்தச் சும்மா நேரத்தின் செலவை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். இந்த வகைக் கம்பெனிகளின் சிக்கனம் பெருமளவு இங்கிருந்துதான் வருகிறது.

தமிழ்நாட்டில் உங்களைப் போல ஆப் வழியாக வேலை பெறும் ‘கிக்’ தொழிலாளர்களுக்கு 2023 டிசம்பரில் தனி நலவாரியம் அமைத்தார்கள். அதில் பதிவு செய்யுங்கள், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் பதியுங்கள். சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டப்படி இந்த நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை நல நிதிக்குத் தர வேண்டும். ஆனால் உங்களைப் போன்றவர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தை அது தாண்டக் கூடாது என்று உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள். அந்த நிதியில் உங்களுக்கு உரிமை கோரப் பதிவு வேண்டும்.

வாராவாரம் வருமானப் பக்கத்தையும் லாகின் நேரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மெயிலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். ஐடி முடங்கினால் ஆப்பில் இருக்கும் ஆதாரமெல்லாம் அதோடு போய்விடும். உங்கள் வண்டியின் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, ‘எந்தப் பயன்பாட்டுக்கு’ என்ற வரியையும் வாசியுங்கள். சொந்த உபயோகம் என்று எடுத்த பாலிசியில் டெலிவரியின்போது விபத்து நடந்தால் இழப்பீட்டை மறுக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இடமிருக்கிறது. விபத்து நடந்தால் அந்த நேரத்து ஆர்டர் எண் தெரியும்படி ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள், போலீஸ் புகாரிலும் ‘டெலிவரிப் பணியில் இருந்தபோது’ என்று எழுதச் சொல்லுங்கள். அந்த மூன்று சொல் இல்லாவிட்டால், வேலையின்போது அடிபட்டதை நிரூபிக்க நாய் படாத பாடு படுவீர்கள்.

கேள்வி: மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் என்று இலவசம் கொடுத்து மக்களைச் சோம்பேறி ஆக்குகிறார்கள் என்பது என் கருத்து. உங்கள் பதில்? (வாசகர், மதுரை)

2023 செப்டம்பர் 15-இல் காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் ‘உரிமைத் தொகை’. அந்தப் பெயர் எனக்கு முக்கியம். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் நாளுக்கு 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். 289 நிமிடம் என்றால் ஐந்து மணி நேரத்துக்குப் பதினொரு நிமிடம் குறைவு, ஞாயிற்றுக்கிழமை விடுப்பும் கிடையாது. இவரையா சோம்பேறி என்பது? மறுநாள் ஷிஃப்ட்டுக்கு ஆளைச் சாப்பிட வைத்து, சட்டை துவைத்து அனுப்பும் அந்த உழைப்பு இல்லாமல் ஓர் ஆலையும் ஓடாது. ஆலைக் கணக்கில் அது ஒரு வரியாகக்கூட வருவதில்லை.

2019 செப்டம்பரில் நிறுவனங்களுக்கான வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 ஆகவும் குறைத்தார்கள். அதற்கு ‘ஊக்குவிப்பு’ என்று பெயர். முதலாளிக்குக் கொடுத்தால் ஊக்கம் வரும், மூதாட்டிக்குக் கொடுத்தால் சோம்பல் வரும் என்பதற்கு என்ன சான்று இருக்கிறது?

திட்டத்தில் குறை இல்லை என்று சொல்லவில்லை. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று வடிகட்டி வைத்தார்கள். கூட்டுக் குடும்பத்தில் ஒரே மீட்டரில் மூன்று அடுப்பு எரியும் வீடு அந்த யூனிட் கணக்கிலேயே அடிபடும். விலைவாசியோடு தொகை தானாக ஏறும் ஏற்பாட்டையும் முதலிலேயே சட்டமாக எழுதியிருக்க வேண்டும். உரிமை என்று பெயர் வைத்தால் அதற்கு ஏற்றபடி எழுத வேண்டும்.

கேள்வி: சங்கம் பதிவு செய்ய எத்தனை பேர் வேண்டும்? (வாசகர், ஸ்ரீபெரும்புதூர்)

விண்ணப்பத்தில் கையெழுத்திட ஏழு பேர் போதும். ஆனால் அந்த நிறுவனத் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் அந்த எண்ணிக்கை இருக்க வேண்டும், பதிவான பிறகும் குறையக் கூடாது. சிலரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசி விலகல் கடிதம் வாங்குவது விண்ணப்பத்துக்கும் பதிவுக்கும் நடுவில்தான் நடக்கும். ஆகவே குறைந்தபட்சத்தோடு நிற்காமல் இரண்டு மடங்கு ஆளைச் சேர்த்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

உங்கள் ஊரிலேயே சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்துக்குப் பதிவு கிடைத்தது 2025 ஜனவரியில். சென்னையில் 1918-இல் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் ஒரு பதிவு எண்ணுக்கு இவ்வளவு பாடு என்பது வேதனை. ஆனால் சேர்ந்து நின்றால் நடக்கும் என்பதற்கும் அண்மைச் சான்று இருக்கிறது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரல் 21-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கட்சி வேறுபாடு இல்லாமல் எதிர்த்தன. மே 1-ஆம் தேதி அதைத் திரும்பப் பெறுவதாக அரசே அறிவித்தது.

கேள்வி: எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா எங்கள் குடும்பத்தில் ஒருவர் மாதிரி. அவருக்கு நான் என்ன செய்யலாம்? (வாசகி, கோயம்புத்தூர்)

உங்கள் அன்பை மதிக்கிறேன். ஆனால் குடும்பத்தில் ஒருவர் என்றால் சம்பள உயர்வு கேட்க அவருக்கு வாய் வராது. அவரைத் தொழிலாளியாக நடத்துங்கள். வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு, ஆண்டுக்கு ஒரு முறை உயர்வு, நீங்கள் ஊருக்குப் போகும் நாட்களுக்கும் சம்பளம், தீபாவளிக்குப் புடவையோடு ஒரு மாதச் சம்பளம். வீட்டுப் பணியாளர் நலவாரியம் 2007 முதல் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை பதியலாம். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், புகைப்படத்தோடு, அவர் உங்களிடம் வேலை செய்கிறார் என்று நீங்கள் கையெழுத்திட்ட சான்றையும் கொடுத்து, இணையத்தில் பதிய உட்கார்ந்து உதவுங்கள். பலருக்கு உதவித்தொகை கைநழுவுவது பதிவைப் புதுப்பிக்க மறந்ததால்தான். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதியை உங்கள் வீட்டு வரவேற்பறைக் காலண்டரிலும் குறித்து வையுங்கள்.