பெட்டியோடு வருபவருக்கு ஓர் இடம்: கேள்வி பதில்

வைத்தியசாலை, விசா, கலியாணம் என்று கொழும்புக்கு வந்து சில நாள் தங்குவோருக்காகத் தம் வீட்டின் ஒரு பகுதியைச் சிறு குடியிருப்பாக மாற்ற விரும்புவோரின் கேள்விகள் இவை. இத்தகைய இடங்களை வடிவமைத்து வரும் கட்டடக் கலைஞராகப் பதில் எழுதுகிறேன்.

ஐயா, வீட்டின் பின்புறம் ஒரு பேர்ச் இடம் இருக்கிறது. இருவர் ஒரு வாரம் தங்கப் போதுமா? (வெள்ளவத்தை)

ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி. தாராளமாகப் போதும். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லே கொர்பூசியே பிரான்ஸின் கடற்கரையில் தமக்கென அமைத்த மரக்குடில் 3.66 மீற்றர் சதுரம்தான். உங்கள் இடத்தில் ஏறத்தாழப் பாதி. அதில் அவர் சமையலறையே வைக்கவில்லை, பக்கத்து உணவகத்தில் சாப்பிட்டார். எதை விடலாம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

என்னைக் கேட்டால் பெரிய அலுமாரியை விடுங்கள். ஒரு வாரத்துக்கு ஆறு கொளுக்கியும் ஒரு குட்டைக் கம்பியும் போதும். பெட்டிக்குத்தான் இடம் வேண்டும். விமானத்தில் வரும் பெரிய பெட்டியைத் திறந்து வைத்தால் 75 செ.மீ.க்கு 100 செ.மீ. தரை போய்விடும். அதற்கு இடம் ஒதுக்காத அறையில் பெட்டி கட்டிலில் ஏறும். விருந்தினர் மிச்ச இடத்தில் சுருண்டு படுப்பார். சுவரோரம் 45 செ.மீ. உயரத்தில் ஒரு மீற்றர் நீளப் பலகைத் திண்ணை அமையுங்கள். பெட்டியின் மூடி சுவரில் சாயும், பெட்டி இல்லாதபோது அதிலேயே உட்காரலாம். கட்டிலின் கீழே 35 செ.மீ. வெளி விட்டால் இரண்டாவது பெட்டி படுத்தபடி உள்ளே போகும்.

அறையில் பூஞ்சண வாடை வருகிறது. ஏசி பூட்டினால் சரியாகிவிடுமா? (தெஹிவளை)

ஆகாது. விருந்தினர் காலையில் ஏசியை நிறுத்தி, யன்னலைச் சாத்திவிட்டுப் போவார். ஈரத் துவாய் உள்ளேயே தொங்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். வாடை அங்கிருந்துதான் வருகிறது.

காற்று வர ஒரு வழியும் போக ஒரு வழியும் வேண்டும். வருவது தாழ்வாகவும், போவது எதிர்ச்சுவரில் உயரமாகவும் இருக்கட்டும். வெளிச்சுவர் ஒன்றுதான் என்றால், கதவுக்கு மேலே காற்றுத்துளைகள் வைத்துக் குளியலறையில் வெளியேற்று விசிறி பூட்டுங்கள். துணி உலர்த்த இறவாரத்தின் கீழ் ஒரு கம்பி கட்டாயம் வேண்டும்.

இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1958 முதல் கொழும்பு 3, 33ஆவது ஒழுங்கையில் நான்கு சிறு வரிசை வீடுகளைப் படிப்படியாக ஒன்றாக்கியபோது, இடையிடையே வானம் தெரியும் சிறு முற்றங்களை விட்டார். நெருக்கமான ஒழுங்கைக்குள்ளும் வெளிச்சமும் காற்றும் அவற்றின் வழியே இறங்குகின்றன. நான்கு அடிச் சதுரம் கிடைத்தாலும் அதைக் கூரையால் மூடிவிடாதீர்கள்.

கடல் பார்த்த யன்னல் மேற்கு வெயிலை வாங்கும். மறைப்பை வெளியே போடுங்கள். உள்ளே திரை போடும்போது வெப்பம் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டியிருக்கும்.

பத்தடி உயர அறையில் மேல்தட்டு போட்டுக் கட்டிலை ஏற்றலாமா? (கொட்டாஞ்சேனை)

வேண்டாம், தம்பி. கீழே நிற்க 2 மீற்றர், தட்டின் கனம் 15 செ.மீ., மேலே நிமிர்ந்து உட்கார 1 மீற்றர்: மொத்தம் 3.15. உங்களிடம் இருப்பது 3.05. சூடான காற்றும் மேலேதான் தேங்கும். சத்திரசிகிச்சைக்கு வரும் தாயை ஏணியில் ஏறச் சொல்ல எனக்கு மனம் வராது.

குளியலறைக் கதவை எந்தப் பக்கம் திறக்க வைப்பது?

வெளிப்பக்கம். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துவிடும்.

சமையலுக்குக் குறைந்தது என்ன வேண்டும், அக்கா வீட்டார் இடியப்பம் அவிக்காமல் இருக்கமாட்டார்களே? (பம்பலப்பிட்டி)

இரண்டடி மேடை, கழுவுதொட்டி, ஒரு மின்னடுப்பு, ஒரு துருவலை. படுக்கும் அறைக்குள் எரிவாயுச் சிலிண்டரை வைக்காதீர்கள். சமையல் வாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். கேத்தலுக்கும் சோறு சமைக்கும் குக்கருக்கும் தனித்தனி 13 அம்பியர் பிளக் வையுங்கள். இடியப்ப ஆவி மேலே உள்ள அலுமாரிப் பலகையை ஊறவைக்கும். ஆகவே அடுப்பை யன்னலோரம் வைத்து, அதன் மேற்புறத்தை வெறுமையாக விடுங்கள்.