‘தி லயன் ஸ்லீப்ஸ் டுனைட்’ அமெரிக்கப் பாட்டா, ஆப்பிரிக்கப் பாட்டா?

மெட்டு ஆப்பிரிக்காவில் பிறந்தது. பேரும் பணமும் அமெரிக்காவுக்குப் போயின. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் எங்கள் தமிழ்க் கல்யாண ரிசப்ஷன்களில்கூட சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே பேண்ட்காரர்கள் இதை வாசிப்பார்கள். மாமாக்கள் எல்லாரும் சேர்ந்து “விமோவே, விமோவே” என்று கத்துவார்கள். அதில் பாதிப் பேர் இதை ஹாலிவுட் பாட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதை முதலில் பாடியவர் சாலமன் லிண்டா. எங்கள் மாகாணத்தில், லேடிஸ்மித் பக்கத்துச் சூலுக்காரர். ஜோஹன்னஸ்பர்க் போய் காலோ இசைத்தட்டு நிறுவனத்தில் தட்டுகளைப் பொட்டலம் கட்டும் வேலை பார்த்தார். 1939-இல் அங்கேயே தன் ‘ஈவினிங் பேர்ட்ஸ்’ குழுவோடு ‘ம்பூபே’ (சூலு மொழியில் சிங்கம்) என்ற பாட்டைப் பதிவு செய்தார். கட்டைக் குரல்கள் அடியில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்ல, மேலே லிண்டா கள்ளக் குரலில் மனம்போனபடி இழைக்கிறார். உலகமே முணுமுணுக்கிற அந்த மெட்டு மூன்றாவது டேக்கின் கடைசியில், பாட்டு முடியப்போகிற நேரத்தில்தான் வருகிறது. எழுதிவைத்துப் பாடியதில்லை, அந்த நொடியில் வாயில் வந்தது.

தட்டு இங்கே சுமார் ஒரு லட்சம் விற்றது. அந்தப் பாணிப் பாட்டுக்கே ‘ம்பூபே’ என்று பேர் வந்துவிட்டது. டர்பனில் அப்போதைய பீட்ரிஸ் தெரு ஒய்.எம்.சி.ஏ.வில் சனிக்கிழமை ராத்திரி தொடங்கி விடியவிடிய இந்தப் பாணிக் குழுக்கள் போட்டி போட்டுவந்தன. அந்தப் பக்கம்தான் என் தாத்தாவுக்குத் தையல் கடை. ஒரு குழு முழுவதும் ஒரே துணியில் கோட்டு கேட்டு வருமாம். நுனிக்காலில் அசைந்து ஆடுவதால் கால்சட்டை சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும், வெள்ளை ஷூ தெரிய வேண்டும் என்பார்களாம்.

அமெரிக்கக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் கொடுத்த தட்டைக் கேட்ட அமெரிக்கப் பாடகர் பீட் சீகர், பாட்டில் வரும் ‘உயிம்பூபே’ என்பதை ‘விமோவே’ என்று காதில் வாங்கிக்கொண்டார். அவருடைய ‘வீவர்ஸ்’ குழு பாடி 1952-இல் அது ஹிட் ஆனது. 1961-இல் ஆங்கில வரிகள் சேர்த்து, ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுனைட்’ என்ற பேரில் ‘டோக்கன்ஸ்’ குழு பாடியது. தட்டின் பின்பக்கத்தில் போட்ட பாட்டு அது. வானொலிக்காரர்கள் திருப்பிப் போட்டு ஒலிபரப்ப, டிசம்பரில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம், அதுவும் மூன்று வாரம். 1982-இல் பிரிட்டனிலும் ‘டைட் ஃபிட்’ பாடி முதலிடம் வந்தது.

லிண்டா 1962-இல் சிறுநீரகம் செயலிழந்து ஏழையாகவே செத்தார். மெட்டின் உரிமை பத்து ஷில்லிங்குக்குக் கைமாறியது என்பார்கள். சீகர் ஒரு முறை ஆயிரம் டாலர் அனுப்பிவைத்தார், அவ்வளவுதான்.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையில் சுவாரசியமான பகுதி இனிமேல்தான். பிரிட்டிஷ்காரன் 1911-இல் போட்ட பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு: படைத்தவர் எதை எழுதிக்கொடுத்திருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டு கழித்து உரிமை வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். கணக்குப் போட்டால் 1987. இந்தப் பாட்டைப் பயன்படுத்திய டிஸ்னியின் ‘லயன் கிங்’ படம் வந்தது 1994. அதைப் பிடித்துக்கொண்டுதான் வழக்கறிஞர் ஓவன் டீன் 2004-இல் லிண்டாவின் மகள்களுக்காக டிஸ்னி மேல் வழக்குப் போட்டார். இங்கே பதிவாகியிருந்த டிஸ்னியின் வணிகச் சின்னங்களையே நீதிமன்றம் முடக்கிவைத்தது. 2006-இல் சமரசம். அமெரிக்காவில் பாட்டின் உரிமையை வைத்திருந்த நிறுவனம் பழைய பாக்கிக்கும் இனி வருவதற்கும் பணம் தர ஒத்துக்கொண்டது. தொகையை வெளியே சொல்லவில்லை.

யூடியூபில் தேடினால் 1939 பதிவு கிடைக்கும். கடைசி அரை நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். ‘டோக்கன்ஸ்’ பாடியதை அதற்கப்புறம் கேளுங்கள்.